பின்னறையில் வைத்த பொட்டு

சப்பாத்துகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் சீமெந்துத் தரையில் இரண்டு பாதங்களையும் அழுத்திக்கொண்டு அந்த அம்மா பெருமூச்சு விட்டார். பாதங்கள் வீங்கியிருந்தன. சப்பாத்தின் விளிம்பு தோலில் சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தது.

"இந்த அறையில் கமரா ஏதும் இல்லையே?" என்று ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார்.

இல்லை என்றேன். அங்கே இருந்ததெல்லாம் அரிசி மூட்டைகள், பழுதாகிப்போன ஒரு தையல் மெசின், உழுத்தம் மா வாளி, சுவரில் ஒரு சாமிப் படம், தலைக்குமேல் கடகடவென்று சத்தம் போட்டுச் சுற்றுகிற ஒரு காத்தாடி. அந்தக் காத்தாடியை அண்ணாந்து பார்த்து அவர் சிரித்தார். வெளியே பந்தலில் இருந்த சனம் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்த சிரிப்பு அது. கடைசியில் அரிசி மூட்டைக்குத்தான் கிடைத்தது.

வெளிநாட்டுக்காரருக்கு மொழிபெயர்க்கப் போய் அலைந்த காலத்தைப் பற்றி இங்கே எழுதத் தொடங்கியதிலிருந்து வருகிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "ரீச்சர், மகாராணி வந்தநேரம் பக்கத்திலை நிண்டது நீங்கள்தானே? உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போய் என்ன கதைச்சவ?" சந்தையில் கேட்டார்கள், கொக்குவில் ஸ்ரேசனில் ரெயிலுக்கு நிற்கும்போது கேட்டார்கள், பல்லுப் பிடுங்கப் போன இடத்தில் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு அந்த டொக்ரரும் கேட்டார்.

கேட்டதைச் சொல்லாமல் இருப்பதும் மொழிபெயர்ப்புக்காரியின் வேலைதான். அதற்கு யாரும் சம்பளம் போடுவதில்லை. இப்போது அந்த அம்மா உயிரோடு இல்லை. அன்றைக்கு அந்த அறையில் எங்களோடு நின்ற யோகேஸ் (பெயரை மாற்றியிருக்கிறேன்) "எழுதுங்கோ ரீச்சர், எனக்கொண்டுமில்லை" என்று சொல்லிவிட்டாள். எனக்கும் மூடிமூடி வைத்திருந்து அலுத்துவிட்டது.

மகுடம் எங்கே?

முதலில் ஒன்று. அவர் மகாராணி இல்லை. அந்த நாட்டில் அரசர் வேறு, அரசி வேறு. இவர் அரசருக்குச் சின்னம்மா முறை. குளிர் நாடு. எது என்று எழுதப் போவதில்லை. எங்கள் ஊருக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. அரச குடும்பம் என்றால் மகாராணி, அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இளவரசி என்று கேள்விப்பட்டு, மினுங்குகிற கவுண் போட்ட ஒரு இளம்பிள்ளையை எதிர்பார்த்துக் கொடியோடு நின்றார்கள். வாகனத்திலிருந்து எழுபதை எட்டிய, சாம்பல் நிறச் சட்டை போட்ட, நரைத்த தலை அம்மா இறங்கியதும் ஒரு சின்னது "இவ ஆர்?" என்று கேட்டது. நல்லகாலம், அதை மொழிபெயர்க்கச் சொல்லி அவர் கேட்கவில்லை.

பண்டத்தரிப்புக்குக் கிட்ட, தோட்டக்காணிகளுக்கு நடுவில் இருக்கிறது அந்தத் தொழில் நிலையம். போரில் புருஷனை இழந்த பெண்கள் அங்கே தைப்பார்கள், மா வறுப்பார்கள், பலகாரம் சுட்டுப் பெட்டியில் அடைப்பார்கள். அவர்களுக்கு உதவுகிற வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்துக்கு இந்த அம்மாதான் புரவலர்.

"புரவலர் எண்டால் என்ன வேலை?" என்று நிலையத்தின் தலைவர் சிவபாதம் அண்ணை என்னைக் கேட்டார்.

"வந்து நிக்கிறது" என்றேன்.

"அது காணுமே?"

அவருக்கு அது போதாது. ஊருக்கும் காணாது. மகாராணி வருகிறா என்ற கதை பரவிய நாளிலிருந்து ஆளாளுக்குக் கேட்க ஒரு பட்டியல். கோயிலுக்குத் தேர், வாசிகசாலைக்கு மதில், கடைசி மகனுக்கு விசா. பெரிய றோட்டிலிருந்து நிலையத்து வாசல்வரைக்கும் அவசரமாகத் தார் ஊற்றினார்கள். வாசலோடு தார் நின்றுவிட்டது. வாசலுக்கு அங்கால் குடியிருக்கிறவர் இன்றைக்கும் அந்தப் புழுதியைக் காட்டி, "அவ இன்னும் நாலடி நடந்திருந்தால் என்ரை வீட்டுக்கும் றோட்டு வந்திருக்கும்" என்று குறைப்படுவார்.

புதிதாக ஒரு கக்கூசும் கட்டினார்கள், வெள்ளை ரைல்ஸ் பதித்து. அவர் அதன் பக்கம் போகவேயில்லை. அதுவும் ஒரு குறையாகிப் போனது. சிவபாதம் அண்ணை பூட்டித் திறப்பைத் தன்னோடு வைத்துக்கொண்டார். அங்கே வேலை செய்கிற பெண்கள் பழைய தகரக் கொட்டிலுக்குத்தான் இன்னமும் போகிறார்கள்.

எங்கள் ஊர் இளவரசி

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்குச் சரிவராது.

அப்பா தலைமை வாத்தியார். அதனால் அம்மா "பெரிய வாத்தியாற்றை மனுசி". அந்தப் பட்டத்தை அவர் கேட்டு வாங்கவில்லை, தாலியோடு சேர்ந்து வந்தது. ஊரில் யார் செத்தாலும் அம்மா போகவேண்டும். போனால் தலைமாட்டில் இருக்க வேண்டும், எடுக்கும்வரைக்கும் எழும்பக்கூடாது. கலியாண வீட்டில் பலகாரச் சூட்டுக்கும் போகவேண்டும், ஆனால் அங்கே அடுப்படியில் வேலை செய்யவும் விடமாட்டார்கள். கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

போகாவிட்டால் "பெரிய ஆக்கள், எங்கடை வீடுகளுக்கு வருவினமே" என்பார்கள். போனால் "வாத்தியாற்றை மனுசி வந்தவ" என்று ஒரு வார்த்தையோடு முடிந்துவிடும்.

செத்தவீட்டுக்குப் போய்வந்தால் தோய்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் ஏறலாம். ஒரு மார்கழியில் அம்மாவுக்கு நல்ல காய்ச்சல். அடுத்தடுத்துச் சாவு. ஒவ்வொன்றுக்கும் போய்வந்து, கிணற்றடியில் பல்லுக் கிடுகிடுக்கத் தண்ணீர் வார்த்தார். நான் துவாயோடு நின்றேன். "கடவுளே, இந்தக் கிழமையாவது இனி ஒருத்தரும் சாகாமல் இருக்கோணும்" என்று அம்மா சொன்னது எனக்கு அப்போது பகிடியாக இருந்தது. இப்போது இல்லை.

அந்தக் காய்ச்சலை ஊரில் ஒருவருக்கும் தெரியாது. வந்தவ என்பது மட்டும்தான் தெரியும்.

ஆலாத்தித் தட்டு

இனி யோகேசிடம் வருகிறேன். நிலையத்தை நடத்துவது அவள்தான். தலைவர் கையெழுத்து வைப்பார், கூட்டத்தில் கதைப்பார். காலையில் கதவு திறப்பது, மெசினுக்கு எண்ணெய் விடுவது, ஆருக்கு என்ன வருத்தம் என்று பார்ப்பது எல்லாம் யோகேஸ். அவளுடைய புருஷன் சண்டையின் கடைசி நாட்களில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர். அவள் கண்முன்னால் பஸ்ஸில் ஏறினார். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. செத்ததாகவும் இல்லை, இருப்பதாகவும் இல்லை.

அவள் தாலியைக் கழற்றவில்லை. பொட்டும் விடவில்லை. நெற்றி நடுவில் வட்டமாக, கடும் சிவப்புக் குங்குமம். நிலையத்திலிருந்த மற்றப் பெண்களின் வெறும் நெற்றிகளுக்கு நடுவில் அது தனியாகத் தெரியும். ஊர் அதைப் பற்றி நேரே ஒன்றும் சொல்லாது. சுற்றிவளைத்துச் சொல்லும்.

வரவேற்புக்கு முதல்நாள் பின்னேரம் ஒத்திகை நடந்தது. வாசலில் நிறைகுடம், நாதஸ்வரம், மாலை, பிறகு விளக்குத் தட்டைச் சுற்றுகிற ஆலாத்தி. வாழைப்பழத் துண்டுகளில் திரி குத்தித் தட்டைச் சோடித்தவள் யோகேஸ். சோடித்தவளே தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

சிவபாதம் அண்ணையின் மனைவி மங்கை அக்கா வந்து தட்டில் கை வைத்தார். கெட்ட மனுசி இல்லை. ஆருக்கும் வருத்தமென்றால் சோறு கட்டிக்கொண்டு முதலாவதாக ஓடுகிறவர்.

"உந்தத் தட்டை இஞ்சை தா பிள்ளை. நானும் என்ரை தங்கச்சியும் பிடிக்கிறம்."

"ஏன் அக்கா, நான் பிடிச்சால் என்ன?"

மங்கை அக்கா தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆலாத்தி எடுப்பதென்றால் சுமங்கலிகள்தான் எடுக்கவேண்டும். அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

"ஏன் எண்டு சொல்லுங்கோவன்" என்றாள் யோகேஸ். குரல் உயரவில்லை. "நீங்கள் வாயாலை சொன்னால் நான் தாறன்."

ஒருவரும் சொல்லவில்லை. நாதஸ்வரக்காரர் சீவாளியைத் துடைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். கடைசியில் அவள் தட்டைக் கொடுத்தாள்.

பிறகு அடுப்படியில் நான் போய்ப் பக்கத்தில் நின்றபோது சொன்னாள்: "அவர் செத்திட்டார் எண்டு எவ்வளவோ பேர் என்னைக் கொண்டு சொல்லுவிக்கப் பாத்தவை ரீச்சர். கையெழுத்து வை, காசு தாறம் எண்டும் சொன்னவை. நான் வைக்கேல்லை. இண்டைக்குத் தட்டைக் குடுத்திட்டன். குடுத்தது பிழைபோலை கிடக்கு."

உழுந்தைக் கழுவித் தரட்டோ என்று கேட்டேன்.

அன்று பொழுதுபடப் போகும்போது மங்கை அக்கா என்னைப் பிடித்தார். "ரீச்சர், மகாராணியின்ரை மனுசன் என்ன செய்யிறார்? ஏன் கூட வரேல்லை?"

"அவர் தவறிட்டார் அக்கா. ஒரு வருசம் ஆகேல்லை."

மங்கை அக்கா நெஞ்சில் கைவைத்தபடி கதிரையில் இருந்துவிட்டார். உடனே ஒரு அவசரக் கூட்டம். புருஷன் செத்து வருசம் திரும்பாத மனுசிக்கு ஆலாத்தி எடுக்கலாமா, பொட்டு வைக்கலாமா? எங்கள் ஆட்களுக்கு மட்டும் வரக்கூடிய தலையிடி அது. கடைசியில் சிவபாதம் அண்ணை முடிவு சொன்னார்: "அவ வெளிநாட்டுக்காரி. அதோடை ராச குடும்பம். அவைக்கு உதொண்டும் இல்லை."

"அப்ப யோகேசுக்கு மட்டும்தான் உது" என்றேன்.

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். மங்கை அக்கா மாலைக்குப் பூ காணுமோ என்று கேட்டுக்கொண்டு எழும்பிப் போனார்.

பின்னறை

மறுநாள் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பங்குனி வெயில். ஆலாத்தி எடுத்தார்கள். மங்கை அக்கா சின்னதாக ஒரு பொட்டு வைத்தார். அந்த அம்மா ஒவ்வொரு மெசினுக்கு முன்னாலும் நின்று, ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரு கேள்வி கேட்டார். ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்கவில்லை. அது எவ்வளவு பெரிய வேலை என்பது மொழிபெயர்த்த எனக்குத் தெரியும். அன்று அது அவருக்கு மூன்றாவது ஊர். அடுத்த நாள் வேறொரு நாடு.

பேச்சுக்கு முன்னால் கொஞ்சநேரம் இருக்கவேண்டும் என்றார். பின்னறைக்குக் கூட்டிப்போனேன். அப்போதுதான் அந்தச் சப்பாத்துகள் கழன்றன.

யோகேஸ் சீனி போடாத வெறும் தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்தாள். கூட வந்த உதவியாளர்ப் பெண் தலையை ஆட்டினாள். வெளியில் எதையும் சாப்பிடக்கூடாது என்பது சட்டம். வயிற்றைக் கெடுத்துக்கொண்டால் அடுத்த ஊரில் காத்திருக்கிற சனத்துக்கு யார் பதில் சொல்வது? அந்த அம்மா வடையைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

வியர்வையில் பொட்டுக் கரைந்து மூக்குவரைக்கும் வழிந்திருந்தது. அவர் விரலால் தொட்டுப் பார்த்து, "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். சொன்னேன். புருஷன் உயிரோடு இருக்கிற பெண்கள் வைப்பது என்றேன்.

"அப்படியென்றால் எனக்கு இது பொருந்தாதே."

"உங்களுக்குப் பரவாயில்லை என்று நேற்றுத் தீர்மானித்தார்கள்."

அவர் யோகேசின் நெற்றியைப் பார்த்தார். "இவருடைய கணவர்?"

இங்கே நான் தடுமாறினேன். அன்று காலையில் ஒரு அதிகாரி வந்து, காணாமல் போனவர்களின் கதையை எடுக்கவேண்டாம் என்று எனக்கும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த அம்மாவுக்கும் சொல்லித்தான் இருப்பார்கள். என்றாலும் கேட்டதை அப்படியே தமிழில் சொன்னேன்.

"தெரியாது எண்டு சொல்லுங்கோ" என்றாள் யோகேஸ். "வருவார் எண்டும் சொல்லுங்கோ."

"அவருடைய பெயர் என்ன?"

யோகேஸ் என்னைப் பார்த்தாள். புருஷன் பெயரைச் சொல்லுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அவரைத் தேடி அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிய இடங்களில் எல்லாம் எழுதித்தான் காட்டினாளாம். நான் சொன்னேன்: கனகலிங்கம். அந்த அம்மா சொல்லிப் பார்த்தார், வரவில்லை. திரும்பச் சொன்னார். சரியாக வரும்வரைக்கும் விடவில்லை.

அப்போது யோகேஸ் என் பக்கம் திரும்பினாள். தேரோ விசாவோ இல்லை, அவளுக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. "ரீச்சர், அவ தன்ரை மனுசன்ரை உடம்பைக் கண்டவவோ எண்டு கேளுங்கோ."

கேட்டேன். நான் கேட்டது பிழையோ என்று இருந்தது.

"கண்டேன்" என்றார் அந்த அம்மா. "கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். பிறகு பெட்டிக்குப் பின்னால் தெருவில் நடந்தேன், எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அழவில்லை. அழாததைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார்கள். இரண்டு கிழமையில் ஒரு ஆஸ்பத்திரியைத் திறந்துவைக்கப் போனேன்."

முழுவதையும் யோகேசுக்குச் சொன்னேன்.

"அப்ப அவ குடுத்து வைச்சவ" என்றாள்.

இதை எப்படி மொழிபெயர்ப்பது? எத்தனையோ பேருடைய கோபத்தை மெதுவாக்கி, பொய்யைப் பூசி மினுக்கிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இதில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் அதிர்ஷ்டசாலி என்று இவர் சொல்கிறார் என்றேன்.

அவர் யோகேசைப் பார்த்தபடியே இருந்தார்.

"ஆம் என்று சொல்லுங்கள்" என்றார் பிறகு.

உதவியாளர்ப் பெண் நேரமாகிவிட்டது என்று ஈரத்தாளோடு வந்தாள், பொட்டைத் துடைக்க. அந்த அம்மா அவளைக் கையால் மறித்தார். சப்பாத்துக்குள் கால்களைத் திணித்துக்கொண்டு, யோகேசின் பக்கம் முகத்தை நிமிர்த்தினார். எனக்கு வேலை இருக்கவில்லை. யோகேஸ் சேலைத் தலைப்பால் வழிந்ததைத் துடைத்தாள். அங்கிருந்த சாமிப் படத்தடியிலிருந்து தன்னுடைய குங்கும டப்பியை எடுத்தாள். மோதிர விரலால் தொட்டு, தனக்கு வைப்பதைப்போலவே பெரிதாக, வட்டமாக வைத்தாள். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது, ஒன்றுமே சொல்லாத பேச்சு. போகும்போது வரிசையில் நின்ற எல்லாருக்கும் கை கொடுத்தார். அடுப்படி வாசலில் நின்ற யோகேசை மட்டும் ஆளே இல்லாததுபோலக் கடந்து போனார். அவர் அவளைப் பார்த்துச் சிரித்திருந்தால் போதும், அத்தனை கமராவும் அவள் பக்கம் திரும்பியிருக்கும். மறுநாள் வேறு ஆட்கள் வந்து, மகாராணியோடு என்ன கதைத்தாய் என்று அவளை விசாரித்திருப்பார்கள். அவர் அதை யோசித்துத்தான் திரும்பவில்லை என்று நான் நம்புகிறேன். நிரூபிக்க என்னால் முடியாது.

போன பிறகு

பந்தல் அவிழ்த்தார்கள். கிணற்றடியில் யோகேஸ் பாத்திரம் கழுவ, நான் கால்நோவோடு வாழைக்கட்டையில் இருந்தேன்.

"பொட்டு வைக்கேக்கை அவ கண்ணை மூடினவ, கண்டனீங்களோ?" என்றாள்.

"களைப்பு."

"களைப்பில்லை ரீச்சர். ஆரும் முகத்திலை கை வைச்சுக் கனகாலம்." கொஞ்சம் பொறுத்து, "அது எனக்கு விளங்கும்" என்றாள்.

மங்கை அக்கா ஆலாத்தித் தட்டை ஒரு கையிலும் போனை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தார். அதற்குள் படமெல்லாம் வந்துவிட்டது. கீழே சனம் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினார். ஒண்டும் தரேல்லை. ஒரு வடை திண்ணேல்லை. சிரிக்கவே காசு கேக்கும்போலை. பொட்டைப் பெரிசாக்கிப்போட்டு நடிக்கிறா.

அந்தக் கடைசி வரியில் மங்கை அக்கா நின்றார். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நான் வைச்சது சின்னப் பொட்டெல்லோ. உது ஆர் வைச்சது?"

நான் வாயெடுத்தேன். எதையாவது சொல்லிச் சமாளிக்கிற பழக்கம் எனக்கு ஊறிப்போனது. யோகேஸ் முந்திவிட்டாள்.

"நான்தான் அக்கா."

"நீயோ?" மங்கை அக்காவின் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "உது சுமங்கலியள் எல்லோ வைக்கவேணும் பிள்ளை."

"ஓம் அக்கா" என்றாள் யோகேஸ். "அதாலைதான் நான் வைச்சனான்."

மங்கை அக்கா அவளையும் அவளுடைய நெற்றியையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனை இடுப்பில் செருகிவிட்டு, ஆலாத்தித் தட்டை அவளிடம் நீட்டினார். யோகேஸ் ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.